லொறியை ஒளிக்கச் சொன்ன மகனுக்கு

மகன், செவ்வாய்க்கிழமை நீ போனில் கோல் எடுத்துக் கேட்டதற்கு நான் “சரி” என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியை இன்றைக்குத் திருப்பி எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, நீ கட்டப்போகிற டிலானியின் தாய் தகப்பன் கொழும்பிலிருந்து முதல்தரம் நம் வீட்டுக்கு வரும்போது, பாலையூற்றில் நம் வாசலில், வழக்கமாக நிற்கிற இடத்திலேயே பூம் லொறி நிற்கும். யாருடைய வீட்டு வளவுக்கும் போகாது. மேலே தார்ப்பாய் போட்டு மூடவும் மாட்டேன். இது யாருடையது என்று அவர்கள் கேட்டால் எங்களுடையது என்பேன். யார் ஓட்டுவது, யார் பாரம் தூக்குவது என்று கேட்டால் நான்தான் என்பேன். போனில் சொன்னால் நீ “அம்மா, அம்மா, கேளுங்கோ” என்று குழைந்து என்னை மறுபடியும் கரைத்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவேன். லொறியைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று சித்திமாருக்கும் மாமாமாருக்கும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறாய். அவர்கள் எல்லாரும் இதையும் வாசிக்கட்டும்.

நீ கேட்டதை ஒரு தரம் உனக்கே திருப்பிச் சொல்கிறேன். “ஒரு நாளைக்குத்தானே அம்மா. லொறியைத் தெரிஞ்ச ஆக்களின்ர வளவுக்குள்ள விடுங்கோ. அப்பா பிஸ்னஸ் செய்யிறார், நீங்கள் வீட்டில இருக்கிறனீங்கள் எண்டுதான் அவையளுக்குச் சொல்லியிருக்கிறன்.” பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, நகத்தை வடிவாகக் கழுவச் சொன்னாய். மகன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஐந்து தொன் லொறியைச் சேலைத் தலைப்பில் மறைக்கச் சொன்னவன் நீ ஒருவன்தான். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கவலை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் என்ன சொல்வதென்று தெரியாமல் சரி என்றேன். 

உனக்குத் தெரிந்த கதைகளைத்தான் எழுதப்போகிறேன். குழுவில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் லொறியின் தலைக்குப் பின்னால், பாரம் தூக்குகிற அந்த நீண்ட இரும்புக் கை, அந்தப் பூமின் அடியில், ஒரு பக்கமாக லீவர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று பூமை உயர்த்தித் தாழ்த்த, ஒன்று நீட்டிச் சுருக்க, ஒன்று கொக்கியை ஏற்றி இறக்க, இன்னொன்று எல்லாவற்றையும் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்ப. ஒவ்வொரு லீவருக்கும் ஒரு வால்வு. வால்வு என்றால் குசினிப் பைப் மாதிரி திறந்து மூடுகிற சாமான் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு இரும்புக் கட்டைக்குள் துளை, துளைக்குள் ஒரு தண்டு. தண்டு சில இடத்தில் பருத்தும் சில இடத்தில் மெலிந்தும் இருக்கும். பருத்த இடம் வழியை அடைக்கும், மெலிந்த இடம் வழியை விடும். தண்டு நடுவில் நிற்கும்போது பம்ப் தள்ளுகிற ஒயில் ஒரு வேலையும் செய்யாமல் டாங்கிக்குத் திரும்பிப் போகும். சிலிண்டருக்குள் போன ஒயில் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும், அதனால் பாரமும் தொங்கின இடத்திலேயே நிற்கும். லீவரைத் தள்ளினால் தண்டு ஒரு நகத்தின் அகலம் நகர்ந்து ஒயில் ஒரு பக்கம் போகும். இழுத்தால் மறுபக்கம் போகும். கையை விட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தண்டைத் தானாகவே நடுவுக்குக் கொண்டு வந்துவிடும். செய்தவன் யோசித்துத்தான் அப்படிச் செய்திருக்கிறான். பிடித்திருக்கிறவன் மயங்கி விழுந்தாலும் லொறி அசையக்கூடாது என்பதற்காக.

ஆனால் கையை விட்டால் நிற்கிற மெசினை, கையை விட்ட பிறகும் ஓட வைப்பது நம் கரையோரத்து ஆட்களுக்குக் கைவந்த கலை. படகைத் தூக்கும்போது ஒருவர் லீவரில் நிற்க வேண்டும், இன்னொருவர் படகின் பின்பக்கத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும். உன் அப்பா இரண்டு வேலையையும் தானே செய்வார். வலைக்கும் தூண்டிலுக்கும் போடுகிற தங்கூசி இருக்கிறதே, அந்த நைலோன் நூலால் லீவரை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கிப் போய்ப் படகைப் பிடிப்பார். அவர் மட்டுமில்லை, கரையில் படகு இழுக்கிற வின்ச் வைத்திருக்கிற எத்தனையோ பேர் அப்படித்தான் செய்தார்கள். தேநீர் குடிக்க, பீடி பற்ற வைக்க, போன் கதைக்க, எல்லாவற்றுக்கும் தங்கூசி. நீ கம்பஸில் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், இறக்கக்கண்டிக் கரையில் பைபர் படகொன்றை லொறிக்கு ஏற்றும்போது திருப்புகிற லீவரைக் கட்டிவிட்டுப் போனார். அலை ஒன்று வந்து கால் சறுக்கியது. படகு திரும்பிக்கொண்டே வந்து அவருடைய வலக்கையை லொறியின் இரும்புச் சட்டத்தோடு வைத்து அழுத்தியது. ஸ்பிரிங் தன் வேலையைச் செய்ய நினைத்தாலும் தங்கூசி விடவில்லை. கரையில் நின்ற ஒருவர் ஓடி வந்து மீன் வெட்டுகிற கத்தியால் நூலை அறுத்த அந்த நொடியே பூம் நின்றது. கை தப்பியது. விரல்கள் மட்டும் இன்றைக்கும் ஒரு கோப்பையைக்கூட இறுக்கிப் பிடிக்காது.

லொறி வாசலில் நின்றது. ஆட்கள் வந்து அப்பாவின் கையைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, லொறி வருமா என்றும் கேட்டார்கள். ஓட்டுநர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தோம். நல்ல மனிதர், ஆனால் லீவரைக் கதவு சாத்துகிற மாதிரி அடித்துத் தள்ளுவார். பாரம் ஊஞ்சல் ஆடும். அப்பா பக்கத்தில் நின்று மெல்ல, மெல்ல என்று கத்துவார். ஓட்டுநர் காதில் ஏறாது. நான் அதுவரைக்கும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தவள். தையல் மெசினைக் காலால் மிதித்தவளுக்குத் தெரியும், அழுத்துகிற அளவுக்குத்தான் ஊசி ஓடும் என்று. இந்த லீவரும் அப்படித்தான். மெல்லத் தள்ளினால் வழி மெல்லத் திறக்கும், ஒயில் மெல்லப் போகும், பாரம் குழந்தை மாதிரி இறங்கும். ஒரு நாள் அந்த மனிதர் யாருடையவோ தண்ணீர்த் தாங்கியை மதிலில் இடிக்கப் போக, நான் முன்னால் போய், நீங்கள் இறங்குங்கோ, நான் செய்கிறேன் என்றேன். இறங்கினார். செய்தேன். அவ்வளவுதான் தொடக்கம். அதில் வீரமும் இல்லை, தியாகமும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதை யாரும் நம்புவதில்லை. கஷ்டத்துக்காகச் செய்தேன் என்று சொன்னால் எல்லாரும் மனம் உருகுகிறார்கள். பிடித்துச் செய்தேன் என்றால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

எனக்குப் பாடம் சொல்லித் தந்தது யார்? நீதான். அந்த நாட்களில் பின்னேரம் கம்பஸ் முடிந்து நீ கோல் எடுப்பாய். சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறதுக்கு முன்னால் இன்றைக்கு என்ன தூக்கினீங்கள் என்று நீ கேட்பாய். தம்பலகாமத்தில் யானை துரத்திப் பயந்த ஒருவர் வாய்க்காலுக்குள் விட்ட ட்ரக்டரைத் தூக்கின கதையைச் சொன்னேன், நினைவிருக்கிறதா? அந்த ட்ரக்டரில் கலப்பையைத் தூக்குகிற லீவர் போட்ட இடத்திலேயே நிற்கிறது, நம்முடையது ஏன் திரும்பி வருகிறது என்று கேட்டேன். அதற்குள் ஒரு சின்ன உருண்டை பள்ளத்தில் விழுந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும் என்றாய். கலப்பை தூக்கின நிலையில் நின்றால்தான் உழுகிறவன் ரோட்டில் ஓட்டிப் போகலாம், அதனால் அங்கே பிடி, இங்கே ஸ்பிரிங் என்றாய். சீனன்குடாப் பக்கம் தகடு வளைக்கிற பட்டறையில் காலால் மிதிக்கிற வால்வைக் கண்டு வந்து சொன்னேன். இரண்டு கையும் தகட்டைப் பிடித்திருப்பதால் காலுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். நம் பூமின் நுனியில் கொக்கி போய் முட்டினால் ஒரு சின்னச் சக்கரம் அமுங்கித் தானாகவே நிறுத்துகிறதே, அதுவும் ஒரு வால்வைத் தள்ளுகிற கைதான், மனிதக் கை இல்லாத கை என்றாய். மண் வெட்டுகிற பெரிய மெசினில் சுண்டு விரலால் அசைத்தால் போதும், அந்த அசைவு கொஞ்ச ஒயிலை அனுப்பும், கொஞ்ச ஒயில் போய்ப் பெரிய தண்டைத் தள்ளும் என்று நீ சொன்னபோது, அப்பா பக்கத்திலிருந்து சிரித்தார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நான் புருவத்தை உயர்த்தினால் உன் அம்மா ஐந்து தொன் தூக்குகிறாள் என்றார். எல்லாவற்றையும் சொல்லி முடித்து நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “தண்டு ஒண்டுதான் அம்மா. அதை ஆர் தள்ளுகினம் எண்டதுதான் வித்தியாசம். கை, கால், சக்கரம், ஒயில், கரண்ட், ஆர் தள்ளினாலும் அது ஒரே வேலையைத்தான் செய்யும்.”

அதே வார்த்தையை நான் இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கனரக வாகன லைசன்ஸ் எடுக்கப் போன அன்று மைதானத்தில் வேலையில்லாதவன் எல்லாம் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாதா கோயிலில் பூசை நடுவில் ஆளுக்கு ஆள் சமாதானம் சொல்லக் கை நீட்டும்போது முன் வாங்கில் இருக்கிற பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நகத்தைப் பார்ப்பார்கள். ஒயில் கறுப்பு சவர்க்காரத்துக்குப் போகாது. தேசிக்காயும் சீனியும் போட்டுத் தேய்த்தாலும் ஓரத்தில் கொஞ்சம் நிற்கும். நான் கையை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியே வைத்திருப்பேன், நன்றாகப் பார்க்கட்டும் என்று. பெண் பிள்ளை தூக்கின படகில் மீன் படாது என்று ஒரு கதை கட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் அண்ணன் ஒருவர், படகுக்கார நானா, வந்தார், அவருடைய படகைக் கரையிலிருந்து இறக்க வேண்டும். அங்கே நின்ற ஒருவர் இந்தக் கதையை அவருக்குச் சொன்னார். நானா என்னைப் பார்த்து, “தங்கச்சி, ஆர் தூக்கினாலும் படகு தண்ணிக்குப் போகணும். நீங்க தூக்குங்க” என்றார். நான் தூக்கினேன். அந்தப் படகில் மீன் பட்டதா இல்லையா என்று நான் விசாரிக்கவும் இல்லை. பட்டிருந்தால் அது கடலின் புண்ணியம், படாவிட்டால் அதுவும் கடலின் வேலை. என் லீவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த விடுமுறைக்கு நீ வந்தபோது ஒரு பெட்டி கொண்டு வந்தாய். கொக்கியை ஏற்றி இறக்குகிற லீவரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கரண்டில் வேலை செய்கிற வால்வைப் பூட்டினாய். இரண்டு முனையிலும் கம்பி சுற்றின உருளை. உருளைக்குள் கரண்ட் பாய்ந்தால் உள்ளே ஒரு ஊசி தண்டைத் தள்ளும். றிமோட்டை அப்பாவின் இடக்கையில் கொடுத்து, இனிக் கட்டைவிரலால் அமத்தினால் போதும், நீங்களும் தூக்கலாம் அப்பா என்றாய். அவர் அதை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு வெறும் பீப்பாயை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். நான் குசினிக்குள் போய் அழுதேன். இதை இதுவரைக்கும் உனக்குச் சொன்னதில்லை. உன்னைப் பெற்றதற்காக நான் பெருமைப்பட்ட நாட்களில் அதுதான் பெரியது. நீ பட்டம் வாங்கின நாள்கூட அதற்குப் பிறகுதான்.

அந்த வால்வு எங்களைக் கைவிட்டதும் உனக்குத் தெரியும். கிண்ணியாவில் அதே நானாவின் படகு, கரையில் ஆட்கள், திடீரென்று மழை. படகு தலைக்கு மேலே தொங்கும்போது இணைப்புக்குள் தண்ணீர் போய் றிமோட் செத்துவிட்டது. அப்பா அமத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. படகு மேலேயும் போகாது, கீழேயும் வராது. காற்று அதைப் பிடித்து ஆட்டுகிறது. ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உனக்குக் கோல் எடுத்தேன். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பயப்படாதீங்கோ, தண்டு நடுவில்தான் நிற்கிறது, படகு விழாது என்றுதான் முதலில் சொன்னாய். பிறகு, உருளையின் முனையில் ஒரு சின்னப் பொத்தான் உள்ளே புதைந்திருக்கும், கரண்ட் செய்கிற வேலையை அதை அமத்தி நீங்கள் கையால் செய்யலாம் என்றாய். எந்த முனை இறக்குகிற முனை என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற முனையை அமத்தினால், நுனிச் சக்கரம் நிறுத்துவதற்கு முன்னமே படகு மேலே போய்ப் பூமில் இடிக்கும். உனக்கும் அந்த அவசரத்தில் நினைவு வரவில்லை. “ஒருக்கா மட்டும் தொட்டு விடுங்கோ அம்மா. அசைவைப் பாருங்கோ” என்றாய். ஸ்க்ரூடிரைவரால் தொட்டேன். படகு ஒரு விரல் இறங்கியது. அப்பா முன்னால் நின்று இடக்கையால் சைகை காட்ட, நீ காதில் மூச்சு விட, நான் அமத்தி விட்டு அமத்தி விட்டு அந்தப் படகை மண்ணில் வைத்தேன். மூன்று பேரும் சேர்ந்து தூக்கின ஒரே படகு அது.  நீ போனிலேயே, கம்பஸ் முழுக்கச் சொல்லப்போகிறேன், இது என் அம்மா என்று சொல்லப்போகிறேன் என்றாய். சொன்னாய் என்றும் கேள்விப்பட்டேன். உன் சிநேகிதர்கள் வந்து லொறியோடு நின்று படம் எடுத்தார்களே.

அப்படிச் சொன்ன வாய்தான் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறார் என்று சொல்கிறது. எனக்கு விளங்காதது இதுதான். நீ வெட்கப்படுகிறாய் என்று நான் நினைக்கவில்லை. பயப்படுகிறாய். கொழும்பில் எஞ்சினியர் வேலை, குளிர் அறை, டையும் சப்பாத்தும், அவர்கள் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், டிலானியின் தகப்பன் வங்கியில் பெரிய ஆள். லொறியைக் கண்டால் முகம் சுளிப்பார்களோ என்று நீயே அவர்களுக்காக முன்கூட்டி முகம் சுளித்துவிட்டாய். அவர்கள் அப்படிப்பட்டவர்களா என்று உனக்கே தெரியாது. கேட்டுப் பார்க்காமல் ஒருவரைச் சின்ன மனம் உள்ளவர் என்று முடிவு கட்டுவதும் அவமரியாதைதான் மகன். எனக்கு மட்டுமில்லை, அவர்களுக்கும். பிஸ்னஸ்காரர் என்று நீ சொல்லி வைத்த மனிதர் அன்றைக்கு எந்தக் கையால் உன் மாமனாருக்குக் கை கொடுப்பார்? அதற்கும் ஏதாவது கதை வைத்திருக்கிறாயா?

சரி, உன்னைத் திட்டினது போதும். நேற்று, புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், அது உனக்குத் தெரியாது. கொட்பேயில் ஒரு மீன்பிடிப் படகின் எஞ்சினைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கத்திலிருந்து கோல் வந்தது. டிலானி. அருமையான குரல் மகன், அவசரமில்லாத குரல். ஞாயிறு வரும்போது என்ன கொண்டு வரலாம், அங்கிளுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்தாள். நாங்கள் கொஞ்ச நேரம் கதைத்தோம். பிறகு, பகல் முழுக்க நீங்கள் என்ன செய்வீர்கள் அன்ரி, அவர் ஒன்றும் வடிவாகச் சொல்வதில்லை என்று கேட்டாள். லொறி எஞ்சின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கையில் ஒயில் துணி. நான் சொன்னேன், “நான் வீட்டிலதான் பிள்ளை இருக்கிறன்.”

என் வாய் அதைச் சொன்னது. மைதானத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு முன்னால் தலை குனியாதவள், முன் வாங்குப் பெண்களுக்குக் கையை நீட்டினவள், ஒரு சின்னப் பிள்ளை அன்பாகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னேன். உனக்காகச் சொன்னேன். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். லொறி எஞ்சினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். “நானும் ஒரு நிமிசத்துக்கு எண்டுதான் லீவரைக் கட்டினனான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கையைக்கூடக் காட்டவில்லை. 

ஒரு நாளைக்குத்தானே என்று நீ சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிறு லொறியை ஒளித்தால், கலியாணத்தன்றும் ஒளிக்க வேண்டும். பிறகு நான் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பேரப்பிள்ளை பிறந்தால் அதற்கும் நான் சட்டை தைக்கிற கிழவிதான். டிலானி உன்னோடு வாழப்போகிறவள். நீ எங்கே வளர்ந்தாய், எதில் வந்த சோற்றைத் தின்றாய், உன் தகப்பனின் விரல் ஏன் மடங்காது என்று தெரியாமல் அவள் யாரைக் கட்டப்போகிறாள்? கலியாணம் கட்டப்போகிற உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இந்த ஒன்றுதான். வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் கோபிக்கலாம், கத்தலாம், நானும் உன் அப்பாவும் கத்தாத கத்தா? ஆனால் ஒருவருக்கு ஒருவர் நடிக்கத் தொடங்கினால் பிறகு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அது ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது நசிபடும் வரைக்கும்.

அதனால் நேற்றுப் பின்னேரமே நான் அவளுக்குத் திருப்பிக் கோல் எடுத்தேன். உன்னைக் கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும் என்று நீ நினைக்கலாம். கேட்டிருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய். நான் இன்றைக்கு உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டேன் பிள்ளை என்று தொடங்கினேன். வீட்டில் இல்லை, பூம் லொறி ஓட்டுகிறேன், எஞ்சின் தூக்குகிறேன், படகு தூக்குகிறேன், உங்கள் அங்கிளின் கைக்கு இப்படி நடந்தது, அன்றிலிருந்து அவர் சைகை காட்ட நான் லீவர் பிடிக்கிறேன், அந்த வால்வுகளைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்ததே உங்களைக் கட்டப்போகிறவன்தான் என்று எல்லாம் சொன்னேன். பயமாக இருந்தது மகன்.     நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

“அன்ரி, இதில மறைக்க என்ன இருக்கு? அவர் ஏன் என்னட்டச் சொல்லேல்ல?”

அவள் குரலில் கோபம் இல்லை. மனம் நொந்திருந்தது. லொறிக்காக நொந்ததில்லை அது. என்னிடம் அதற்குப் பதில் இருந்தது, மேலே எழுதினேனே, பயம் என்று. ஆனால் அதை நான் சொல்லவில்லை. உனக்காக இன்னொரு தரம் நான் வாய் திறக்கமாட்டேன். அவனிடமே கேளுங்கோ பிள்ளை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவள் இன்னும் உன்னிடம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் இதற்குள் நீ எனக்குக் கோல் எடுத்துக் கத்தியிருப்பாய். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் போல இருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் எனக்கு எடுக்காதே. அவளுக்கு எடு.

அம்மா